கொசுறின் விலை

கடைக்காரர் எடை போட்டு முடித்த பிறகு, தராசுக்கு வெளியே கையால் எடுத்துப் போடுகிறாரே, அதற்குக் கொசுறு என்று பெயர். காய் வாங்கினால் ஒரு கொத்துக் கறிவேப்பிலை, பூ வாங்கினால் முழத்துக்கு மேல் நாலு விரற்கடை, கீரைக்கட்டோடு இரண்டு பச்சைமிளகாய். கொசுறுக்கு விலை கேட்பது கடைக்காரருக்கு அழகல்ல. கொசுறு கேட்காமல் நகர்வது வாங்குபவருக்குச் சாமர்த்தியமல்ல. இந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்து, ஏனைய கொசுறுகளையெல்லாம் விஞ்சி வளர்ந்தது ஒன்று உண்டு. பேச்சு வழக்கில் அதைக் ‘கவர்’ என்போம். ஏட்டு வழக்கில் ஞெகிழிப் பை. அது இலவசமானது எப்படி, பிறகு அதற்கு விலை வந்தது எப்படி, அந்த விலை எங்கே பலித்தது, எங்கே பலிக்கவில்லை என்று சற்று விரிவாகப் பார்க்கலாம்.

இத்தேடலுக்கு நம்மைத் தூண்டியது ஒரு துணிக்கடை. பெரிய கடைதான்; பெயர் வேண்டாம். மாமாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு வேட்டியும் புடவையும் எடுத்துப் பணம் கட்டும் இடத்துக்கு வந்தோம். அங்கிருந்த பெண், “சார், பை வேணுமா? பைக்குத் தனியா பத்து ரூபா” என்றார். கடையின் பெயர் பெரிய எழுத்தில் அச்சிட்ட காகிதப் பை. ஆயிரக்கணக்கில் துணி எடுத்தவன் பத்து ரூபாய்க்கு வழக்காடுவதா என்று கூச்சம். ஆனாலும் கல்லூரி வகுப்பில் கேள்வி கேட்டுப் பழகிய வாய் சும்மா இருக்கவில்லை. “இந்தப் பத்து ரூபாய் யாருக்கம்மா போகும்?” என்று கேட்டோம். அவர் சிரித்துவிட்டார். “கம்பெனிக்குத்தான் சார். வேற யாருக்கு?”

அந்தச் சிரிப்பில் நியாயம் இருந்தது. விற்ற காசு விற்றவருக்குத்தானே போகும்? ஆனால் இதே கேள்வியை 2002ஆம் ஆண்டில் டப்ளின் நகரத்துக் கடையொன்றில் கேட்டிருந்தால் வேறு விடை வந்திருக்கும். பைக்கு விலை வைத்த வரலாறு முழுவதும் இவ்விரு விடைகளுக்கு நடுவில்தான் இருக்கிறது என்று இப்போது படுகிறது.

முதலில் அந்தப் பை எப்படி வந்தது என்று பார்ப்போம். பாலிதீன் 1933இல் இங்கிலாந்தின் நார்த்விச் என்னும் ஊரில், ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் தற்செயலாகக் கிடைத்தது. எரிக் ஃபாசெட், ரெஜினால்ட் கிப்சன் என்ற இருவர் வேறொன்றைச் செய்யப் போய், கலத்தின் அடியில் மெழுகுபோல் படிந்திருந்த வெண்பொருளைக் கண்டார்கள். அடுத்து வந்த உலகப்போரில் அது ரேடார் கம்பிகளுக்கு உறையானது. அதைக் கைப்பிடியுள்ள பையாக்கியவர் சுவீடனைச் சேர்ந்த ஸ்டென் குஸ்டாஃப் தூலின் என்ற பொறியாளர். செல்லோபிளாஸ்ட் என்ற நிறுவனத்துக்காக அவர் வகுத்த வடிவம், குழாய்போன்ற தாளை மடித்து ஒட்டி வெட்டியெடுப்பது, 1965இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. இன்று நம் கையில் தொங்கும் ‘பனியன் பை’ ஏறக்குறைய அதேதான். காகிதப் பைக்காக மரங்கள் வெட்டப்படுவதைக் குறைக்கலாம், ஒரே பையை மடித்து வைத்துப் பலமுறை பயன்படுத்தலாம் என்பதே தந்தையின் எண்ணம் என்று தூலினின் மகன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். தூலினே ஒரு பையை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருப்பாராம். கண்டுபிடித்தவர் நினைத்தபடி பொருள் நடந்துகொண்டதாகச் சரித்திரமே இல்லை போலும்.

1982இல் சேஃப்வே, குரோகர் ஆகிய இரு பெரிய அமெரிக்க அங்காடித் தொடர்கள் காகிதப் பையை விட்டு இதற்கு மாறின. காரணம் எளியது: காகிதத்தைவிட மலிவு, அடுக்கி வைக்க இடமும் குறைவு. ஒரு பையின் அடக்கவிலை அற்பமாகிவிட்டபோது அதற்குத் தனியாகக் காசு வாங்குவது வீண்வேலை. கடைகள் அதைச் சரக்கின் விலைக்குள்ளேயே ஏற்றிவிட்டு, வெளியே இலவசம் என்றன. கறிவேப்பிலைக் கொத்துக்கும் இதே கணக்குதான் என்று காய்கறிக்காரர் ஒப்புக்கொள்வார். இதிலொரு சிறு அநீதி உண்டு, யாரும் கவனிக்காதது. வீட்டிலிருந்து பை கொண்டுவந்தவரும் அடுத்தவர் எடுத்துச் செல்லும் பைக்குச் சேர்த்துத்தான் பணம் கட்டினார். கொண்டு வருவதில் இலாபமில்லை என்றானபோது கொண்டு வருவது நின்றது.

எதிர்ப்பு அப்போதே தோன்றாமல் இல்லை. 1970களின் பிற்பகுதியில் சுவிட்சர்லாந்திலும் மேற்கு ஜெர்மனியிலும் ‘ஞெகிழிக்குப் பதில் சணல்’ என்றோர் இயக்கம் நடந்தது. அந்தச் சணல் பைகளைத் தைத்து அனுப்பியவர்கள் வங்காளதேசத்துப் பெண்கள். 1971 போருக்குப் பின் பிழைப்புத் தேடிய நாட்டிலிருந்து, சணலைத் தவிர விற்க அதிகமில்லாத நாட்டிலிருந்து, அவை போயின. ஆனால் அடுத்த பத்தாண்டுகளில் அதே வங்காளதேசத்தின் தெருக்களில் பாலிதீன் நிறைந்தது. 1988இலும் 1998இலும் வந்த பெருவெள்ளங்களில் நாட்டின் பெரும்பகுதி மூழ்கிற்று. டாக்கா நகரின் கழிவுநீர்க் கால்வாய்களை அடைத்து நீரை வடியவிடாமற் செய்தவற்றுள் இப்பைகளே முன்னின்றன. 2002 ஜனவரி 1 முதல் டாக்காவிலும் மார்ச் 1 முதல் நாடு முழுவதும் மெல்லிய பைகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. உலகிலேயே நாடு தழுவிய முதல் தடை இது.

அத்தடை நடைமுறைக்கு வந்த மூன்றாம் நாள், அதாவது 2002 மார்ச் 4ஆம் நாள், உலகின் மறுகோடியில் அயர்லாந்து ஒவ்வொரு பைக்கும் 15 சென்ட் வரி விதித்தது. இரு நாடுகளும் பேசிவைத்துக்கொண்டு செய்தவையல்ல. ஒரே வாரத்தில் ஒரு நாடு பையைக் குற்றமாக்கியது. மற்றொன்று அதைச் சரக்காக்கியது.

அயர்லாந்துக்கு வெள்ளப் பயம் இல்லை. அதன் கவலை கண்ணைப் பற்றியது. பசும்புல்வெளியும் கல்வேலியும் பார்க்க வரும் பயணிகளால் பிழைக்கும் ஊர்கள் அங்கே ஏராளம். காற்றோ ஓயாத காற்று. வீசிய பைகள் முட்புதர்களிலும் மரக்கிளைகளிலும் போய்ச் சிக்கிப் படபடத்தன. அவற்றுக்குச் ‘சூனியக்காரிகளின் உள்ளாடை’ என்று மக்கள் பெயரிட்டிருந்தார்கள் (மொழிவளம் மிக்க நாடு!). நாற்பது இலட்சத்துக்கும் சற்றுக் குறைவான மக்கள் ஆண்டுக்கு நூற்றிருபது கோடிக்கும் மேற்பட்ட பைகளைப் பயன்படுத்தினர், தலைக்கு 328.

பைக்கு வரி என்பது அப்போது முற்றிலும் புதிய எண்ணமன்று. டென்மார்க் 1990களின் முற்பகுதியிலேயே பைகளின் எடைக்கேற்ப வரி விதித்துவிட்டது. ஆனால் அங்கே அது கடைக்குப் பை வந்து சேரும் வழியில் வசூலிக்கப்பட்டது. வாங்குபவரின் கண்ணில் நேரே படவில்லை. அயர்லாந்தின் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் நோயல் டெம்ப்ஸி வேறு வழியை எடுத்தார். வரியைக் கடைக்காரர் ஏற்றுக்கொள்ளக் கூடாது. வாடிக்கையாளரிடமே வாங்க வேண்டும். விற்பனைச் சீட்டில் அதைத் தனி வரியாக அச்சிட வேண்டும். வாங்கிய பணம் அரசின் வருவாய்த்துறைக்குப் போய், அங்கிருந்து சுற்றுச்சூழலுக்கென்றே ஒதுக்கப்பட்ட நிதியில் சேர வேண்டும். 2001இல் இயற்றிய சட்டத்திருத்தம் இதற்கு இடமளித்தது.

பதினைந்து சென்ட் என்ற தொகையிலும் ஒரு சூட்சுமம் இருந்தது. ஒரு பைக்கு அதிகபட்சம் எவ்வளவு தருவீர்கள் என்று முன்னதாகவே மக்களிடம் கேட்டறிந்திருந்தனர். கிடைத்த சராசரி இரண்டரை சென்ட்டுக்கும் குறைவு. அதைப்போல் ஆறு மடங்கு வைத்தார்கள்! பொதுவாக அரசுகள் மக்கள் தாங்கும் அளவு பார்த்து வரி விதிக்கும். அதிகம் பேர் கட்டினால் கஜானா நிறையும். இதுவோ யாரும் கட்டிவிடக் கூடாதே என்ற கவலையோடு விதித்த வரி. அரசியல் வரலாற்றில் இத்தகைய வரிகள் குறைவு என்றே நினைக்கிறோம்.

காலமும் கூடி வந்தது. யூரோ நாணயங்கள் அவ்வாண்டு ஜனவரியில்தான் புழக்கத்துக்கு வந்திருந்தன. பழைய ஐரிஷ் பவுண்டு பிப்ரவரி 9இல் செல்லாததாயிற்று. சில்லறையை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்த மக்களிடம் பைக்குப் பதினைந்து சென்ட் கேட்கப்பட்டது. பழகிய நாணயமாயிருந்தால் கை தன்போக்கில் நீட்டிக் கொடுத்திருக்கும். புது நாணயத்தில் ஒவ்வொரு காசும் உறைத்திருக்க வேண்டும் என்பது நமது ஊகம்.

கடைக்காரர்கள் அஞ்சினார்கள். ஆளாளுக்குச் சொந்தப் பையோடு உள்ளே வந்தால் களவைக் கண்டுபிடிப்பது எப்படி? வரிசையில் நிற்பவர் கோபத்தை யார் மேல் காட்டுவார்? சட்டம் சில இடங்களில் விட்டுக்கொடுத்தது. இறைச்சி, மீன் ஆகியவற்றைச் சுற்றும் சிறு உறைகளுக்கும், பொட்டலமாகாத காய்கனிக்கான சிறு பைகளுக்கும் வரியில்லை. எழுபது சென்ட்டுக்குக் குறையாமல் விற்கும், மீண்டும் மீண்டும் பயன்படும் தடித்த பைகளுக்கும் இல்லை. காகிதப் பையைச் சட்டம் தொடவே இல்லை.

விளைவு எவரும் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாயிருந்தது. தலைக்கு 328 என்றிருந்தது 21 ஆயிற்று. அதுவும் ஆண்டுக்கணக்கில் சிறுகச்சிறுகக் குறைந்ததன்று. சில வாரங்களிலேயே இறங்கிவிட்டது. நாட்டின் குப்பையில் இப்பைகளின் பங்கு ஐந்து விழுக்காட்டிலிருந்து 2004க்குள் கால் விழுக்காட்டுக்கும் கீழே போனது. கடைக்காரர்களும் சமாதானமானார்கள், இலவசப் பை வாங்கிக் கொடுக்கும் செலவு அவர்களுக்கு மிச்சம். ஐரோப்பாவிலேயே மக்கள் மிகவும் விரும்பும் வரி இதுதானோ என்ற வினாவையே தலைப்பாக வைத்து, பொருளியலாளர் பிராங்க் கான்வெரியும் உடன் ஆய்வாளர்களும் 2007இல் ஓர் ஆய்வுரை எழுதினர். வரியையும் விருப்பத்தையும் ஒரே தொடரில் வைத்தெழுதும் வாய்ப்பு எத்தனை பொருளியலாளருக்குக் கிடைக்கும்!

ஆனால் பழக்கம் பொல்லாதது. 2006 வாக்கில் தலைக்கு 21 என்பது மெல்ல ஏறி முப்பதைத் தாண்டியது. பதினைந்து சென்ட் பழகிவிட்டது. கை மறுபடியும் யோசிக்காமல் நீண்டது. விலை மங்கிக் கொசுறாக மாறும் அத்தருணத்தை அயர்லாந்து அரசு கவனித்துக்கொண்டிருந்தது என்பதுதான் முக்கியம். 2007 ஜூலை 1 முதல் வரி 22 சென்ட் ஆனது. எண்ணிக்கை மீண்டும் இறங்கியது.

இங்கே ஒரு நேர்மையான ஆட்சேபத்தையும் சொல்லிவிட வேண்டும். இலவசப் பை போனதும் குப்பைக்கூடைக்குள் விரிக்கும் பைகளைக் காசு கொடுத்து வாங்கும் வழக்கம் கூடியது. துணிப்பையும் பூமிக்குச் செலவில்லாததன்று. ஒரு பருத்திப் பையை 131 முறையாவது பயன்படுத்தினால்தான் புவி வெப்பக் கணக்கில் அது மெல்லிய ஞெகிழிப் பைக்கு ஈடாகும் என்று பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. பத்துத் துணிப்பைகளை வாங்கி அலமாரியில் அடுக்கி வைத்திருப்போர் இதைச் சற்று மனத்தில் கொள்ளலாம். ஆனால் வாரச்சந்தைக்கு ஒரே பையைக் கொண்டு போகிறவர் மூன்று ஆண்டுக்குள் அக்கணக்கைத் தாண்டிவிடுவார்.

இங்கிலாந்து 2015 அக்டோபர் 5இல்தான் விழித்தது. வேல்ஸ் (2011), வட அயர்லாந்து (2013), ஸ்காட்லாந்து (2014) மூன்றும் முந்திக்கொண்டன. இங்கிலாந்தின் ஏழு பெரிய அங்காடிகள் மட்டும் 2014இல் கொடுத்த பைகள் 760 கோடி. ஐந்து பென்ஸ் வைத்த முதல் ஆறு மாதங்களில் சுமார் அறுபது கோடிதான். ஆனால் இங்கே ஐரிஷ் ஏற்பாட்டின் உயிர்நிலை ஒன்று விடுபட்டது. இந்தக் காசு வரியன்று, கட்டணம். மதிப்புக்கூட்டு வரி போக மிச்சம் கடையிடமே தங்கும். அதை நற்பணிகளுக்குக் கொடுப்பார்கள் என்பது எதிர்பார்ப்பு மட்டுமே, சட்டமன்று. பல அங்காடிகள் கொடுக்கவும் செய்தன. என்றாலும் பையை விற்பதில் கடைக்குக் கசப்பு ஏதும் இல்லாமற் போயிற்று. ‘ஆயுட்காலப் பை’ என்ற பெயரில் தடித்த ஞெகிழிப் பைகள் கோடிக்கணக்கில் விற்றன. ஆயுட்காலம் பெயரில்தான், வாங்கியவர்களில் பலர் அவற்றையும் ஒரே முறையோடு விட்டனர். 2021 மே மாதத்தில் கட்டணம் பத்து பென்ஸ் ஆகி, அதுவரை விலக்குப் பெற்றிருந்த சிறு கடைகளும் உள்ளே கொண்டுவரப்பட்டன.

துணிக்கடைப் பெண்ணின் விடைக்கு இப்போது அருகில் வந்துவிட்டோம். ஏனெனில் இந்தியா பின்பற்றியது அயர்லாந்தை அன்று. பணத்தைக் கடையிலேயே விட்டுவைத்த வழியைத்தான், அதுவும் இங்கிலாந்துக்கு நான்காண்டுகள் முன்பே. 2011 பிப்ரவரியில் நடுவண் அரசு வெளியிட்ட ஞெகிழிக் கழிவு விதிகளின் பத்தாவது விதி, எந்தக் கடையும் பையை இலவசமாகக் கொடுக்கக் கூடாது என்றது. பையின் தரத்துக்கும் அளவுக்கும் ஏற்பக் குறைந்தபட்ச விலையை நகராட்சி அறிவிக்கலாம். அவ்விலையில் கழிவை அகற்றும் செலவும் அடங்கியிருக்க வேண்டும் என்றது. படிக்க அருமையான விதி. கழிவை அகற்றுவது நகராட்சி. அதற்கான காசு சேர்வது கடையின் கல்லாப்பெட்டியில். அந்தக் காசு எவ்வழியில் நகராட்சிக்குப் போய்ச்சேரும் என்பதை மட்டும் விதி சொல்லவில்லை.

நடந்ததை நாம் எல்லோரும் கண்டோம். குளிரூட்டிய கடைகள் உடனே மூன்று ரூபாய், ஐந்து ரூபாய் என்று பைக்கு விலை வைத்தன. தெருமுனைக் காய்கறிக்காரம்மா மட்டும் வழக்கம்போல் கவரில் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். பைக்குக் காசு கேட்டால் அவரிடம் வருபவர் அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். நகராட்சி விலை அறிவித்ததாக நாம் வாழ்ந்த ஊர்களில் கேள்விப்படவில்லை.

2016 மார்ச்சில் புது விதிகள் வந்தன. இம்முறை பணம் எங்கே போக வேண்டும் என்பதைத் தெளிவாக்கினார்கள். ஞெகிழிப் பை கொடுக்க விரும்பும் கடைக்காரரும் தெருவோர வியாபாரியும் உள்ளாட்சியில் பதிவு செய்துகொண்டு, மாதம் நாலாயிரம் வீதம் ஆண்டுக்குக் குறைந்தது 48,000 ரூபாய் கழிவு மேலாண்மைக் கட்டணமாகச் செலுத்த வேண்டும்! பேரங்காடிக்கு நாலாயிரம் ஒரு காலை நேரத்து வியாபாரம். தள்ளுவண்டிக்காரருக்கு அது அம்மாதத்து அரிசி, வாடகை, பிள்ளையின் பள்ளிச் செலவு. அயர்லாந்தில் விலை ஒவ்வொரு பையின் மீதும் விழுந்தது, வேண்டாதவர் தப்பிக்கலாம். இங்கே அது வியாபாரியின் தலைமீது மொத்தமாக விழுந்தது. எத்தனை பை கொடுத்தாலும் ஒரே தொகை என்றால், கட்டியவர் பையைக் குறைப்பதற்கு என்ன காரணம் இருக்கும்? பணம் சேருமிடத்தைச் சரிசெய்யப் போய், விலை யார் கண்ணில் பட வேண்டுமோ அவர் கண்ணிலிருந்து அதை மறைத்துவிட்டார்கள். 2018 மார்ச் 27ஆம் நாளிட்ட திருத்தத்தில் அவ்விதி முழுவதும் நீக்கப்பட்டது. ஏழாண்டுச் சோதனை அத்தோடு முடிந்தது.

விதி போயிற்று, கடைகளில் பைக்கு விலை கேட்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடிமன் பாராமல் ஞெகிழிப் பைகளுக்குத் தடை வந்தபின், அதே விலை காகிதப் பைக்கும் துணிப்பைக்கும் தாவிக்கொண்டது. குப்பைக்காக விதித்த விலை குப்பையை விட்டுப் பிரிந்து தனியே வாழ்கிறது. நுகர்வோர் மன்றங்களில் வழக்குகள் எழுந்தன. பொருள்களையெல்லாம் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டும் இடத்துக்கு வந்தபிறகு, முன்னறிவிப்பின்றிப் பைக்குக் காசு கேட்பது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 டிசம்பரில் தீர்ப்பளித்தது. நமக்கு இத்தீர்ப்பு முழுத் திருப்தி தருகிறது என்று சொல்ல மாட்டோம். பை இலவசமாகத்தான் கிடைக்க வேண்டும் என்று வாதிட அதைப் பிடித்துக்கொள்வோரும் உண்டு. ஆனால் கடையின் விளம்பரத்தைச் சுமந்து செல்வதற்கு நாமே கூலி கொடுப்பது விசித்திரம் என்பதையும் மறுக்க இயலவில்லை.

வங்காளதேசத்தின் கதையையும் விட்டுவிடக் கூடாது. முதலில் தடை செய்த நாட்டில் சில ஆண்டுகளிலேயே பைகள் திரும்பி வந்தன. மலிவான மாற்று கைக்கு எட்டவில்லை, சோதனைகளும் ஓய்ந்தன. 2024 அக்டோபர் முதல் பேரங்காடிகளிலும் நவம்பர் முதல் சந்தைகளிலும் அதே தடையை மறுபடி அமல்படுத்த வேண்டியதாயிற்று. ஐரோப்பாவுக்குச் சணல் பை தைத்து அனுப்பிய நாடு அது என்பதை மீண்டும் நினைத்துக்கொள்கிறோம்.

2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரத்தை வைத்தார்கள். செய்தியைப் படித்தபோது நமக்கு வேறொன்று தோன்றியது. பழைய மஞ்சப்பையை நம்மில் யார் காசு கொடுத்து வாங்கினோம்? ஜவுளிக்கடையில் கொடுத்தார்கள், கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு கொடுத்தார்கள். அதுவும் கொசுறுதான். தைத்தவர் நீடித்து உழைக்கட்டும் என்று தைத்தார், வாங்கியவர் கிழியும்வரை வைத்திருந்தார், அவ்வளவே வேறுபாடு.

நமது வீட்டுச் சமையலறைக் கதவின் பின்னால் ஆணியில் அப்படி ஒன்று தொங்குகிறது. ஒன்றுவிட்ட தங்கை கல்யாணத்துத் தாம்பூலப் பை. குங்குமச் சிவப்பில் அச்சிட்டிருந்த மணமக்கள் பெயரும் மண்டபத்தின் பெயரும் வெளுத்து, ‘நல்வரவு’ என்பதில் ‘வரவு’ மட்டும் மிஞ்சியிருக்கிறது. தங்கையின் மகன் இவ்வாண்டு நமது கல்லூரியில்தான் இரண்டாமாண்டு படிக்கிறான். சென்ற ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தவனிடம் அதைக் கொடுத்துத்தான் சந்தைக்கு அனுப்பினோம்.